மெத்தைக்கடைக்கு இன்னும் எத்தனை நாள்?

கைக்குட்டையால் நேற்றைய எண்ணை அழித்துவிட்டு, சாக்பீஸை ஒரு முறை ஊதிக்கொண்டு, இன்றைய எண்ணை எழுதுகிறார். அச்சகம் 212. மரக்கடை 90. மெத்தைக்கடை 1. கரும்பலகையில் இப்படிப் பதினேழு வரிகள். டஸ்டர் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பத்துக்கு மூன்று வயது நடக்கிறது.

வரி அலுவலகத்தில் அவருக்குப் பெயர் காலண்டர் அக்கா. வேலை, கெடுப் பதிவேடு. வரி ஏய்த்தவர் மீது ஆறு வருஷத்துக்குள் அரசு வழக்குப் போட்டாக வேண்டும். ஆள் வெளிநாட்டில் இருந்த நாட்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. கெடு தாண்டிவிட்டால் ஏய்த்தவர் உத்தமர், அரசு ஊமை.

வீட்டிலும் இதே கதைதான். ஒழுகும் குழாயின் கழுத்தில் ஐம்பது நாள் கெடு எழுதிய சீட்டு தொங்கும். "நீங்க 'பாக்கலாம்'னு சொல்லி இன்னையோட நாப்பத்தோரு நாள்" என்பார் கணவரிடம். "இன்னும் ஒம்போது நாள் போனா குழாய் உங்கள மன்னிச்சிடும். நான் மன்னிக்க மாட்டேன்."

மெத்தைக்கடைக்காரரிடம் இரண்டு பில் புத்தகங்கள் இருந்தன. ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று அரசுக்கு. முதல் புத்தகத்தின்படி ஊரே அவர் மெத்தையில் தூங்கியது. இரண்டாவதின்படி ஒருவரும் கண்ணயரவில்லை. இரண்டையும் பிடித்து, சாட்சிகளை எழுதி, குற்றப் பத்திரிகையைத் தட்டச்சு செய்து வைத்தாயிற்று. பாக்கி ஒரே ஒரு கையெழுத்து.

அதைப் போட வேண்டிய அதிகாரியோ பத்திரிகையில் ராசிபலன் பார்க்காமல் பேனா மூடியைத் திறக்காதவர்.

"கையெழுத்து விஷயத்துல நிதானம் தேவைன்னு போட்டிருக்கும்மா. பாக்கலாம்."

"கிரகத்துக்கு இந்த ஆபீஸ்ல என்ன சார் வேலை?"

"அப்படியெல்லாம் பேசாதம்மா."

"இல்ல சார், அதுக்காவது இங்க ஒரு வேலை இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்."

ஒரு படிவம் கொடுக்க மறந்துபோன தையற்காரருக்கு ஒன்பதாம் நாளே அபராத ஓலை பறந்தது. அன்றைக்கு எந்தக் கிரகமும் குறுக்கே படுக்கவில்லை. மறதிக்கு ஒன்பது நாள், திருட்டுக்கு ஆறு வருஷம்! வானத்தில் சுற்றுகிற உருண்டைகளுக்குக்கூட யார் தையற்காரர், யார் மெத்தைக்கடை முதலாளி என்று தெரிந்திருக்கிறது. தையற்காரர் அபராதம் கட்ட வந்த அன்று அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் மெத்தைக்கடைக்கு எதிரே 0. மாலை ஐந்து மணியோடு சரி. அக்கா கோப்பைத் தூக்கிக்கொண்டு ஏழு முறை போனார். கழிப்பறை வாசலில்கூட நின்று பார்த்தார்.

"நாளைக்கு எனக்குப் பிரமாதமான நாள்மா" என்று பெருமூச்சு விட்டார் அதிகாரி. "நெனச்ச காரியம் கைகூடும்னு போட்டிருக்கான். நாளைக்கா இருந்தா கண்ண மூடிட்டுப் போட்டிருப்பேன். என்ன பண்றது, கெடு இன்னையோட முடியுதே."

அக்கா அந்த வாக்கியத்தை அப்படியே பதிவேட்டின் ஓரத்தில் தேதி போட்டுக் குறித்துவைத்தார். பழக்க தோஷம்.

ஐந்து மணி அடித்து ஐந்தாவது நிமிடம், புதுச் சட்டையும் வாசனைத் திரவியமுமாக மெத்தைக்கடைக்காரர் உள்ளே வந்தார். கக்கத்தில் ஒரு தலையணை.

"எனக்காக ஆறு வருஷம் கண்ணு முழிச்சிருக்கீங்க. இனிமேலாவது நிம்மதியா தூங்குங்கம்மா. நம்ம கடைச் சரக்குதான், ஒசத்திப் பஞ்சு."

"நல்லாயிருக்கு அண்ணே" என்று வாங்கிக்கொண்டார் அக்கா. "வெளியூர் கிளம்பிட்டீங்க போல?"

"வெளியூரா? வெளிநாடும்மா. வீட்டுக்காரி கார்ல உக்காந்திருக்கா. நாலு வருஷம் முன்னாடி போனப்ப பதினோரு நாள் பனியில சறுக்கி வெளையாடினோம். அவ வெளையாடினா, நான் சறுக்கினேன்."

ஊர் எல்லையையே தாண்டியதில்லை என்று இரண்டு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த ஆள் அவர். அக்காவின் குரல் தேனாகிவிட்டது.

"சும்மா சொல்லாதீங்க அண்ணே. உங்களுக்கு மெத்தைய விட்டு எறங்கவே நேரமிருக்காதே."

மனிதருக்குச் சுருக்கென்றது. சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவி மேசையில் விரித்தார். "முத்திரையப் பாருங்க. இது போன தேதி, இது வந்த தேதி. நல்லா எண்ணிப் பாருங்க."

அக்கா விரல்விட்டு எண்ணினார். இன்னொரு முறையும் எண்ணினார்.

"ஆசையா இருக்கு அண்ணே. ஒரு நகல் எடுத்துக்கட்டுமா?"

"பத்தா எடுத்துக்கோங்க. இப்ப என்ன பயம்?" என்று சிரித்தவர், நகல் இயந்திரம் சூடாகும்வரை பொறுமையாக நின்று, பக்கத்தைத் தானே கோணாமல் பிடித்தும் கொடுத்துவிட்டு, காரை நோக்கி நடந்தார்.

அக்கா கரும்பலகைக்குப் போனார். கைக்குட்டை இடுப்பிலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. புதுத் தலையணையால் அந்தச் சைபரை அழுத்தித் துடைத்தார். 11 என்று எழுதினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படவிருந்த அதிகாரியின் மேசைக்கு நேரே போய் நின்று, தலையணையை இரண்டு தட்டுத் தட்டினார். சாக்பீஸ் தூசி மெல்ல இறங்கி ராசிபலன் பக்கத்தை மூடியது.