முனவர் பேகம் என்ன தொழில் செய்கிறாள்?

முனவர் பேகத்தின் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. பதினோரு வருடமாக பிளேடு கீறிக் கீறி அழிந்துபோயிருந்தது.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய சந்தில் அவள் வீடு. கம்பெனியில் அச்சில் வார்த்த ரப்பர் வளையங்களின் ஓரப் பிசிறை வீட்டிலேயே உட்கார்ந்து சீவித் தருவாள். காலையில் மூட்டை வரும், மாலையில் திரும்பிப் போகும். அந்தச் சந்தில் பதினாறு பெண்கள் அந்த வேலையை நம்பித்தான் உலை வைத்தார்கள்.

மூட்டை கொண்டுவரும் காண்ட்ராக்டர் லால் பாஷா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தான். "பேப்பரும் பேனாவுமா யார் வந்தாலும் மூட்டைய மறைச்சிடணும். வெளிய தெரிஞ்சுது, அன்னியோட வேல நின்னுது!"

அதனால் அந்நியர் யாராவது சந்து முனையில் தெரிந்தால் போதும். மூட்டை மேல் ஜமுக்காளம் விரியும்; அதன் மேல் கைக்குழந்தை படுக்கும்.

1986இல் ஒரு காலை. சர்க்கார் கணக்கெடுப்புக்கு வந்த சென்னகிருஷ்ணன் நீளமான பாரத்தை விரித்தார்.

"என்னா வேல செய்யறீங்கம்மா?"

"சும்மாதாங்க சார் இருக்கேன்." முனவர் மூட்டை மேல் கிடந்த மகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினாறு வீட்லயும் இதே பதில். இந்தச் சந்துல ஆம்பளைங்க மட்டுந்தான் உழைக்கிறாங்க போல!"

"இத யாரு சார் படிப்பாங்க?"

"டெல்லி வரைக்கும் போவும்மா. நாடு எவ்ளோ வளந்துது, யாரு உழைச்சாங்கன்னு பெரிய நிபுணருங்க இத வெச்சுத்தான் சொல்லுவாங்க. இதுல இல்லாதவங்க அதுலயும் இல்ல."

முனவர் குழந்தையை வாரி இடுப்பில் வைத்தாள். ஜமுக்காளத்தை உருவி எறிந்தாள். மூட்டை கவிழ்ந்தது, கறுப்பு வளையங்கள் அவர் செருப்பு வரை உருண்டன.

"எழுதுங்க சார்! ரப்பர் சீவறேன். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வளையம்!"

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா ஓடி வந்தாள். "அடிப்பாவி, எங்க வாயிலயும் மண்ணப் போடறியே!"

"வேல போனா போவட்டும்க்கா. செஞ்ச வேலய இல்லன்னு சொல்ல இனிமே என்னால ஆவாது."

வெள்ளையம்மா தன் விரல்களைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் மூட்டையை இழுத்து வந்தாள். "என்னுதையும் எழுதுய்யா." மற்ற பதினாலு வாசலுக்கும் ஒவ்வொன்றாய் மூட்டை வந்தது.

மறுநாள் சந்துக்கு ஒரு மூட்டையும் வரவில்லை. லால் பாஷா மட்டும் வந்தான்.

"என்னா முனவரு, பாரம் சோறு போடுதா?"

"போடல லால் பாய். அதான் கம்பெனிக்கே போறோம்."

பதினாறு பேரும் கம்பெனி கேட்டில் நின்றார்கள். வாட்ச்மேன் மறித்தான். "யாரும்மா நீங்கல்லாம்?"

முனவர் ரேகையில்லாத விரலை உயர்த்திக் காட்டினாள்.

"தொழிலாளிங்க. சர்க்கார் பாரத்துலயே எழுதியாச்சு. கேட்டத் தெற!"