கொம்புக்கால் டீச்சர்

என் தங்கை சாக்பீஸைக் கையில் எடுத்தால் சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மூன்று பள்ளிக்கூடம் இல்லை, பக்கத்து வகுப்பு மட்டும்தான். அதுவும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு என்பதால். ஆனால் அவள் கையெழுத்தைப் பற்றிச் சொல்வதில் கலப்படம் கிடையாது. அவள் எழுதிய வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துப் பார்த்தால் அடிக்கோல்தான் கோணலாகத் தெரியும்.

முப்பத்தொரு வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு. அவளுக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் கொம்புக்கால் டீச்சர். காரணம் உண்டு. 'மௌனம்' என்று எழுதும்போது மகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ளகரம் மாதிரி ஒன்றும் வருகிறதே, அந்தப் பின்னால் வருவது ளகரம் இல்லை. அது ஒரு குறி. கொம்புக்கால் என்று பெயர். தனியாக நிற்காது, தனக்கென்று ஒரு ஓசையும் கிடையாது. முன்னால் இருக்கிற கொம்போடு சேர்ந்துதான் அதன் பிழைப்பு. இது தெரியாத பிள்ளை 'மெ, ள, னம்' என்று எழுத்தெண்ணி வாசிக்கும். அன்றைக்கு வகுப்பில் வேறு பாடம் நடக்காது. கொம்புக்காலை மட்டும் பலகையில் ஒரு நூல் சின்னதாக எழுதிக் காட்டுவாள்.

"உருவம் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா? நானும் எங்க அக்காவும் ஒரே மூஞ்சி. அவ வாயத் தொறந்தா புளுகு. நான் அப்படியா?" என்று என்னைத்தான் உதாரணம் காட்டுவாளாம். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளிடம் என் மானம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே சுற்றறிக்கை வந்தது. பருவத் தேர்வை ஒவ்வொரு ஆசிரியரும் இணையத்தில் வைக்க வேண்டும். வினாத்தாள், திருத்துவது, மதிப்பெண் எல்லாம் அதிலேயே. செய்ய முடியாதவர்களின் வகுப்பில் பதிவு செய்த பாடம் திரையில் ஓடும். ஆசிரியர் 'மேற்பார்வை' பார்க்கலாம். மேற்பார்வை என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் தூங்காமல் பார்த்துக்கொள்வது.

இவளுக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷமும் நாலு மாதமும் இருந்தன.

"அதுவரைக்கும் ஏழு ஆ எங்கிட்ட இருந்தா போதும்க்கா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சுற்றறிக்கையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனிமேல் மடிக்க முடியாது என்கிற அளவுக்கு ஆக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கற்றுக்கொடுக்கக் கணினி டீச்சர் வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், நல்ல பெண். எதைக் கேட்டாலும் "அது மேகத்துல இருக்கு டீச்சர்" என்பாள். அதனால் எங்கள் வீட்டில் அவளுக்கு மேகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"என் வினாத்தாள் இந்த டப்பாவுக்குள்ளதானம்மா இருக்கு?"

"இல்ல டீச்சர், மேகத்துல."

"கலைஞ்சு போயிட்டா?"

"கலையாது டீச்சர். நீங்க கலைச்சாதான் உண்டு."

இந்தக் கடைசி வாக்கியம் இவளைப் பிடித்து ஆட்டிவிட்டது. அதன்பிறகு மடிக்கணினியை மூடவே மாட்டாள். மூடினால் உள்ளே இருப்பது நசுங்கிவிடும் என்பதுபோலத் திறந்தபடியே, தளும்பத் தளும்ப நிறைந்த பால் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். கடவுச்சொல்லை மறக்கக் கூடாது என்று மேகம் சொன்னதும், முப்பத்தொரு வருஷப் பழக்கம், நேராகப் போய்க் கரும்பலகையின் மூலையில் எழுதினாள். சுற்றிக் கட்டம் போட்டு 'அழிக்காதீர்' என்று வேறு எழுதிவைத்தாள். மறுநாள் வகுப்பே அதை மனப்பாடமாக ஒப்பித்தது. புதுக் கடவுச்சொல் போடவே இரண்டு நாள் ஆனது.

அந்த மௌஸ் என்கிற சாமான் மேல் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது. "பேர்லயே கொம்புக்கால் இருக்குதுக்கா. நம்ம ஆளுதான்" என்றாள். நம்ம ஆள் அவள் இடது பக்கம் நகர்த்தினால் வலது பக்கம் ஓடினான். தலைகீழாகப் பிடித்திருந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வினாத்தாளைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தயார் செய்தாள். மூன்று மாலைப்பொழுது. திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகத் தேடி, கண்டுபிடித்து, சுண்டுவிரலால் பூச்சியைத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் விடை. பிள்ளைகள் எழுதுகிற விடையும் இவள் பதிந்துவைக்கிற விடையும் ஒத்துப்போனால் ஒரு மதிப்பெண். தலைகீழாகத் தொங்கும் பறக்கும் விலங்கு எது, வௌவால். பேசாதிருத்தலைக் குறிக்கும் சொல் எது, மௌனம். முழுநிலா நாள் எது, பௌர்ணமி. கௌதாரி, சௌகரியம், கௌரவம். பத்தும் ஔகாரம். தன் கோட்டையிலேயே நின்று சண்டை போடலாம் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை.

மேகம் வந்து பார்த்தாள். நேரம் சரி, இணைப்பு சரி. விடைகளையும் ஒருமுறை வாசித்தாள், எல்லாம் சரி. "சூப்பர் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு என் தங்கை இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை தேர்வு. பிள்ளைகள் வீட்டிலிருந்தே, மாலை ஆறு மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஆறு அடித்ததும் இயந்திரமே திருத்தி, பெற்றோரின் கைபேசிக்கு மதிப்பெண்ணை அனுப்பிவிடும். பள்ளியின் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு படி போகும். அதன்பிறகு பூட்டிக்கொள்ளும்.

ஆறு மணி மூன்று நிமிடத்துக்கு இவளுடைய கைபேசி மேசையிலேயே நகர ஆரம்பித்தது. அப்படி அதிர்ந்தது. முதலில் ஒரு அம்மா.

"டீச்சர், வௌவாலுக்கு வௌவால்னு எழுதினா தப்புங்களா? அப்ப அதோட சொந்தப் பேரு என்னங்க?"

அடுத்து ஒரு அப்பா. "நான்தான் டீச்சர் பக்கத்துல உக்காந்து எழுத வெச்சேன். அவளுக்குப் பூஜ்யம் போட்டீங்க, சரி. எம்பொண்டாட்டி முன்னாடி எனக்கும் சேத்துப் போட்டுட்டீங்களே."

முப்பத்தொன்பது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பூஜ்யம். ஒருத்திக்கு மட்டும் பத்துக்குப் பத்து. ஜன்னலோரம் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கக் கொட்டாவி விடுகிற, வகுப்பே தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிற பிள்ளை.

திரையை என் பக்கம் திருப்பினாள். மாணவியின் விடை என்று ஒரு மௌனம், சிவப்புக் குறுக்குக்கோடு. கீழே சரியான விடை என்று இன்னொரு மெளனம்.

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து, வளைவுக்கு வளைவு ஒன்றேதான். "மிஷினுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குடி. அவ்வளவுதான்" என்றேன்.

அவள் சிவப்புக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள், கரும்பலகையில் தப்பை அழிக்கிற மாதிரி. திரை பெரிதாகி, சிறிதாகி, வேறு எங்கோ போய் நின்றது.

மறுநாள் காலை அந்தத் தூங்குமூஞ்சிப் பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் அழுதுகொண்டு நின்றது. விடையைத் திருடிவிட்டாள் என்று வகுப்பே அவளைச் சுற்றி வளைத்திருக்கிறது.

"நான் திருடல டீச்சர். நானாத்தான் எழுதினேன்."

"எப்படி எழுதின? இதுல எழுதிக் காட்டு பாப்போம்."

மற்ற பிள்ளைகள் பாதிப் பேர் வாயால் சொல்லிக் கைபேசியை எழுதவைத்தவர்கள். மீதிப் பேர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கியவர்கள். அங்கே குறி தானாகவே சரியாக விழுந்துவிடும். இந்தப் பிள்ளைக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. ம தட்டியது. கொம்பு தட்டியது. அப்புறம் வரிசைக் கடைசிக்குப் போய் ள தட்டியது.

"அது ளகரம் இல்லடி, குறி. எத்தன தடவ சொல்லியிருக்..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாளாம்.

கீழ்மூலையில் ஒரு பித்தானில், புள்ளி வைத்த வட்டத்தைச் சுற்றிக் கொம்பும் கொம்புக்காலும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தன. மூன்று மாலைப்பொழுதும் அந்தப் பித்தானை இவள் பார்த்திருக்கிறாள். ஏதோ பழுதான எழுத்து என்று விட்டுவிட்டாள். மூன்று மாலைப்பொழுதும் அவள் தட்டியது ளகரத்தை. பத்துச் சொல்லுக்கும் பத்து ளகரம். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உள்ளே வேறு வேறு எழுத்து. வெளித் தோற்றத்தைப் பார்த்து ஏமாறாத ஒரே ஜந்து அந்த இயந்திரம்தான். முப்பத்தொரு வருஷத்தில் அவள் சொன்னதை அப்படியே கேட்ட மாணவர் என்று யாராவது உண்டென்றால் அதுதான்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. அவர் வழி சொன்னார். "சிஸ்டம் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க டீச்சர். மேல அனுப்பறேன். மறுபடி டெஸ்ட் வெக்கச் சொல்லுவாங்க. இல்லன்னா வகுப்புச் சராசரி கால் மார்க்குன்னு அங்க நிக்குது. ஏழு ஆ போயிடும்."

அந்த ஒரு வரியை எழுத ஒரு வெள்ளைத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். "எழுதிக் குடுத்துத் தொலையேன்டி. மிஷின் என்ன கோர்ட்டுக்கா போகப்போகுது?" என்றேன்.

"போகாதுக்கா."

"அப்புறம் என்ன?"

"எழுதத்தான் உக்காந்திருக்கேன்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். 'இயந்திரக் கோளாறு காரணமாக' என்று எழுதியிருந்தாள், அழகான எழுத்து. அதற்கு மேலே பேனா நகரவில்லை. கையை உதறினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். பெரிய வீம்போ கொள்கையோ ஒன்றும் அவள் முகத்தில் இல்லை. சிக்கிக்கொண்ட ஆளின் முகம்தான் இருந்தது.

மறுநாள் தலைமையாசிரியையிடம் வேறொரு தாளைக் கொடுத்திருக்கிறாள். விடைகளைத் தவறாகப் பதிந்தது நான், இயந்திரம் திருத்தியது சரி என்று இரண்டே வரி.

"இத அனுப்பினா என்ன ஆகும்னு தெரியும்ல டீச்சர்?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன்?"

"மிஷின் தப்புன்னு எழுதினா ரெண்டும் ஒண்ணுதான்னு ஆயிடும் மேடம். நான் இத்தன வருஷம் வேற வேறன்னு சொல்லிட்டேனே." பிறகு, "அந்தப் பிள்ளைங்களுக்கு மார்க்க மட்டும் மாத்திடலாமா மேடம்?" என்று கேட்டிருக்கிறாள்.

"பூட்டியாச்சு டீச்சர். எங்கிட்டயும் சாவி இல்ல."

பெற்றோர் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பிள்ளைகள் எழுதியதுதான் சரி, பிழை என்னுடையது, ஜன்னலோரப் பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை என்று. ஒற்றை விரலால் தட்டி முடிக்கச் சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. இந்தமுறை ஒவ்வொரு கொம்புக்காலும் கொம்புக்காலாகவே இருந்தது, நானே எண்ணிப் பார்த்தேன். பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்தன. ஒருவர் அன்னையர் நாளைக்கு வைத்திருந்த பூங்கொத்துப் படத்தை அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. ஏழு ஆவுக்குத் திரைப்பாடம், பொறுப்பு கணினி ஆசிரியை, மேற்பார்வை இவள். மேகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "நான் கேக்கல டீச்சர். சத்தியமா நான் கேக்கல" என்று அழுதிருக்கிறாள். இவள்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினாள்.

இப்போது காலையில் பாடத்தை ஓடவிட்டுவிட்டு மேகம் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறாள். கரும்பலகைக்கு மேலேயே திரையை இறக்கியிருக்கிறார்கள். இவள் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க, வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் இருக்கிறவர் வேகமாகப் பேசுகிறார். யாரும் நடுவில் கேள்வி கேட்க முடியாது. அவருக்குக் காது கிடையாது.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழு ஆ மொத்தமும், முப்பத்தொன்பது பேரும், ஒரே ஆளாக எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பி நின்று, டீச்சர் நீங்க வாங்க என்று...

எதிரே உட்கார்ந்து பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நான் எழுதிக்கொண்டிருந்த இந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள்.

"முப்பத்தொம்பது பேரும் இல்லக்கா, ஒருத்தி. அவளும் தண்ணி குடிக்கப் போகட்டுமான்னு கேக்கத்தான் திரும்பினா. நானும் போயிட்டு வான்னேன்."