இரவல் கோட்

ஒக்லாந்தில் எங்கள் முதல் குளிர்காலத்தில் எனக்கென்று ஒரு கோட் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து கொண்டுவந்த இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சமாளித்தேன். ஏவன்டேல் என்ற புறநகரில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்த பழைய மரவீட்டில், வெளியே இருந்த குளிரைவிட உள்ளே இருந்த குளிர் மோசமாக இருந்தது. காலையில் எழும்பினால் யன்னல் கண்ணாடிகளின் உட்பக்கத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அதைத் துடைப்பதுதான் அந்த நாள்களில் என் முதல் வேலை.

அந்த நாட்டில் குளிர்காலமான ஜூன் மாத முடிவில் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஓகஸ்டில் வந்து சேரச் சொன்னார்கள். நேர்முகத்துக்குப் போய்த் திரும்பும்போது, பெரிய தெருவில் இருந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கருநீலக் கோட்டைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், பெரிய பித்தான்கள், உள்ளே பட்டுப்போன்ற துணி. அதைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தால் என்னை யாரும் புதிதாக வந்தவள் என்று நினைக்கமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

உள்ளே போய் வாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை.

அக்கா ஃபிஜியிலிருந்து வந்தவர். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வழிவந்த குடும்பம். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்த அவருடைய தமிழ் எங்கள் தமிழைப்போல இல்லை. ஆனாலும் அந்தத் தெருவில் எனக்குக் கதைக்கக் கிடைத்த ஒரே தமிழ் அதுதான். ஒரு பேக்கரியில் வேலை செய்தார். நகரத்துக் கடைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

"ஜூலையில வின்டர் ஸேல் வருது, தங்கச்சி. அதே கோட்டு பாதி விலைக்கு வரும். இப்ப வாங்கினா நீதான் முட்டாள்."

"குளிர் முடியிற நேரத்தில கோட் வாங்கி என்ன செய்யிறது அக்கா?"

"அடுத்த வருசம் குளிராதா?"

நான் பொறுத்திருந்தேன். இருமிக்கொண்டு பொறுத்திருந்தேன். ஸேல் தொடங்கும் நாள் விளம்பரமாக வந்ததும் அக்கா தன் கோட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். பழுப்பு நிறம், கனமான கம்பளி. ஒக்லாந்துக்கு வந்த புதிதில் முழு விலை கொடுத்து வாங்கியது. கல்யாணங்களுக்கும் செத்தவீடுகளுக்கும் மட்டும்தான் அதை வெளியே எடுப்பார்.

"இதைப் போட்டுட்டுப் போ. அந்தக் கம்பளிச் சட்டையோட போய் நின்னா உன்னை எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். எனக்கு அன்னைக்கு வேலை, இல்லைன்னா நானே வருவேன்."

விடிந்ததும் ரயில் ஏறினேன். அப்போது நகர ரயில் நிலையம் கடைகளிலிருந்து தள்ளி இருந்தது. மழைத்தூறலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது கடை வாசலிலிருந்து தெரு முனைவரைக்கும் பெண்கள் நின்றார்கள். பலர் பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்திருந்தார்கள். கதவு திறந்ததும் அந்த வரிசை எங்கே போனதென்று தெரியவில்லை. அதுவரை எனக்கு வழிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, காலநிலை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

இரண்டாம் மாடியில் கருநீலக் கோட்டுகள் தொங்கிய கம்பியைக் கண்டுபிடித்தேன். உடைமாற்றும் அறைகளுக்கு முன்னால் பெரிய கூட்டம். எல்லாரும் கண்ணாடிக்கு முன்னாலேயே நின்று போட்டுப் பார்த்தார்கள். தங்கள் கோட்டுகளைக் கழற்றித் தரையில் போட்டுக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. மற்றவருடைய பொருள். எத்தனையோ ஈரச் சப்பாத்துகள் மிதித்த தரை. கம்பியின் ஓரத்தில் இருந்த ஒரு கொளுவியில் அக்காவின் கோட்டைக் கவனமாக மாட்டிவிட்டுக் கருநீலக் கோட்டைப் போட்டேன்.

கை நீளமாக இருந்தது. சின்ன அளவு தேடி அடுத்த கம்பிக்குப் போனேன். அங்கே ஒன்று கிடைத்தது. எனக்கென்றே தைத்ததுபோல இருந்தது. அதைக் கையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் கொளுவி வெறுமையாக இருந்தது.

விழுந்திருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். பிறகு முழங்காலில் இருந்து, தொங்கிய கோட்டுகளுக்கு அடியில் கைவிட்டுத் தேடினேன். என்னைத் தாண்டிப் போன ஒரு பெண், "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு என் விரலை மிதித்தாள். கடைசியில் காசு வாங்கும் மேசையில் நின்ற இளம்பெண்ணிடம் போய்ப் பழுப்பு நிறக் கோட் ஒன்றைக் கண்டாளா என்று கேட்டேன்.

"ஓ, பழுப்பா? அது இப்போதுதான் விற்றுப்போனது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அது விற்கிறதற்கு இல்லை," என்றேன். "நான் போட்டுக்கொண்டு வந்தது."

அவள் முகம் சிவந்தது. "அதில் விலைச்சீட்டு இருக்கவில்லை. விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்."

"அப்ப என்ன விலைக்கு விற்றீர்கள்?"

பக்கத்தில் தொங்கியவற்றின் விலையைப் பார்த்து ஒரு விலை சொன்னதாகச் சொன்னாள். வாங்கியவர் நரைத்த தலைமுடியுள்ள பெண். காசாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் படியிறங்கித் தெருவுக்கு ஓடினேன். மழையில் குடைகள்தான் தெரிந்தன. நரைத்த தலைமுடியுள்ள பெண்கள் இரண்டு பக்கமும் பொதிகளோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் காசு மேசையில் நின்ற பெண் என்னை மேலாளரிடம் போகச் சொன்னாள். கருநீலக் கோட்டை அவளுடைய மேசையில் வைத்து, "இதை வைத்திருங்கள், வந்து வாங்குகிறேன்," என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

மேலாளரின் அறைக்கு வெளியே என்னை நிற்கவைத்தார்கள். சுவரில் அந்தக் கடையின் பழைய படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே வாசலில் ஸேலுக்காகப் பெண்கள் கூடி நின்றார்கள். நீளப் பாவாடைகள், தட்டுப்போன்ற அகலத் தொப்பிகள், அவற்றில் இறகுகளும் துணிப்பூக்களும். முன்னால் நின்ற ஒருத்தி கதவையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தொப்பியும் எனக்குப் பாடமாகும்வரை அந்த இடத்தில் நின்றேன்.

மேலாளர் உயரமான மனிதர். மென்மையான குரல். எனக்குக் காது கேளாது என்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கதைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அறைக்கு வெளியே நின்றபோது மனதுக்குள் சேர்த்துவைத்த ஆங்கில வசனங்கள் வாய்க்கு வரும்போது உடைந்து வந்தன.

"அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தீர்கள் என்பது நிச்சயமா, மேடம்?"

"நிச்சயம்."

"அதற்கு ரசீது இருக்கிறதா?"

"போட்டுக்கொண்டு வந்த உடுப்புக்கு யாராவது ரசீது கொண்டுவருவார்களா?"

"உங்கள் சிரமம் விளங்குகிறது. அது உங்களுடைய கோட்தானே?"

அங்கேதான் பிழை நடந்தது. ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான், "இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது," என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "உங்களுடையது என்று முதலில் சொன்னீர்கள்."

"நான் போட்டு வந்தது என்று சொன்னேன்."

"ஆனால் உங்களுடையது இல்லை."

"என்னுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை. நீங்கள் அதை விற்றிருக்கிறீர்கள்."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு அனுதாபம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கோட்டைப் பற்றி ஏதாவது தகவல் வந்தால் அறிவிப்பதாகச் சொல்லி எங்கள் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். கதவுவரை வந்து வழியனுப்பினார்.

மேசைக்குத் திரும்பினேன். அந்த இளம்பெண் சாப்பிடப் போயிருந்தாள். அவளுடைய இடத்தில் வேறொருத்தி நின்றாள். கருநீலக் கோட்டா? மேசையில் கிடந்ததா? அதை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே.

வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு கம்பளிச் சட்டைகளும் நனைந்து பாரமாகத் தொங்கின. ஹென்டர்சனில் வேலை முடித்து வந்த கணவர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு,

"நீர் ஏன் அதைக் கழட்டினனீர்?" என்றார்.

"கழட்டாமல் எப்பிடியப்பா இன்னொண்டைப் போட்டுப் பாக்கிறது?"

"அதுக்கு மேலாலயே போட்டுப் பாத்திருக்கலாம்."

அன்றைக்கு அவரோடு அதற்குமேல் நான் கதைக்கவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டார். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். கறியை ஒரு தரம் கிளறினார். பிறகு,

"எவ்வளோக்கு வித்தாங்க?" என்றார்.

சொன்னேன்.

"என் கோட்டையா? அந்த விலைக்கா?" கரண்டியைக் கீழே வைத்தார். "புதுசு மாதிரி வச்சிருந்தேனே. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு இல்லையா?"

புதிய கோட் வாங்கித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு ஒரு கிழமையாக என்னோடு சரியாகக் கதைக்கவும் இல்லை. வேலி ஓரத்தில் என்னைக் கண்டால் உடுப்புக் காயப்போடுவதில் மும்முரமாகிவிடுவார். ஓகஸ்டில் நான் வேலையில் சேர்ந்தேன். ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் வாங்கிய ஆண்களின் மழைக்கோட் ஒன்றுதான் என் மேலில் இருந்தது. கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட வேண்டும். முதல் நாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண், ஏதாவது பொதி கொண்டுவந்து ஒப்படைக்க வந்தீர்களா என்று கேட்டாள்.

அந்த மாத முடிவில் கடையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. கோட் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அக்காவோடு போனேன். வெள்ளிகளில் கடைகள் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும். வெளியே ஆலங்கட்டி மழை கொட்டியது. உள்ளே வசந்தகாலத்துக்கென்று கையில்லாத பூப்போட்ட சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மேலாளர் எங்களை இருக்கச் சொன்னார். கோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தார். ஸேலில் வாங்கியதை நாங்கள் வழக்கமாகத் திருப்பி எடுப்பதில்லை. ஆனால் இது புதிய கோட்டே இல்லை என்று அவர் சொன்னார். அதில் ஒரு..." தொண்டையைச் செருமினார். "ஒரு மணம் இருந்ததாம்."

"என்ன மணம்?" என்று அக்கா கேட்டார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம்.

"சமையல் மணம். மசாலா. அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் நினைவு வந்தது, மேடம்," என்று என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "கவலை வேண்டாம், டிரை கிளீன் செய்துவிட்டோம்."

அக்கா உறையைக் கிழித்து, கழுத்துப் பட்டியை மூக்கில் வைத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பித் தமிழில், "இப்ப மருந்துக்கடை நாத்தம் அடிக்குது," என்றார்.

நான் மேலாளரிடம் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் வந்திருந்தேன். "அன்றைக்கு நான் இதே அறையில் இருந்து சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. இன்றைக்கு ஒரு மணத்தை நம்புகிறீர்கள். ஏன் என் வார்த்தை போதவில்லை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "ஸேல் நாள்களில் மிகவும் கூட்டமாக இருக்கும், மேடம்," என்றார்.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து, அந்தக் கடையிலேயே செலவழிக்கக்கூடிய பரிசுச்சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

படியில் நின்று சண்டை பிடித்தோம்.

"ஏனக்கா வாங்கினீங்கள்? அவங்கட காசு எங்களுக்கு எதுக்கு?"

"உனக்கு வேணாம்னா விடு. ஒரு மாசத்துக்கு மேல கோட்டு இல்லாம நான்தான் இருந்தேன்."

"என்ரை கேள்விக்கு அவர் பதில் சொல்லேல்லை."

"சொல்லமாட்டான் தங்கச்சி. அவனுக்குத் தெரியாது."

மேல் மாடியில் தேநீர் அறை இருந்தது. வெள்ளை மேசைவிரிப்பு, மூன்று தட்டு கேக். அக்கா அந்தச் சீட்டை முழுவதும் அங்கேயே செலவழித்தார். நான் எதையும் தொடவில்லை. மத்தியானமும் சாப்பிடவில்லை, பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அக்கா ஸ்கோனைப் பிளந்து, ஜாமும் கிரீமும் பூசி ஆறுதலாகச் சாப்பிட்டார். "நீ சாப்பிடலைன்னு அவன் அழப்போறானா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, என் பங்கையும் எடுத்துக்கொண்டார்.

நிலையத்துக்கு நடந்து போவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் இருந்தது. அக்கா தன் கோட்டின் பித்தான்களை எல்லாம் பூட்டிக்கொண்டு அங்கிருந்த மர வாங்கில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். நான் பக்கத்தில் விறைத்துப்போய் இருந்தேன். அந்த மனிதரிடம் சொல்லியிருக்க வேண்டிய வசனங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தன. சுத்தமான ஆங்கிலம், ஒரு பிழை இல்லை. அவற்றை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரே தண்டவாளத்தில் ஆலங்கட்டிகள் விழுந்து துள்ளின.