சத்தமில்லாத ஜீப்பில் அம்மா சொன்னது

எங்கள் வீட்டில் இரண்டு ஜீப்புகள். ஒன்று நான் புதிதாக வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும், ஏ.சி. உண்டு, முன்னால் ஒரு திரை உண்டு, பெல்ட் போடாவிட்டால் மணியடிக்கும். இன்னொன்று அப்பாவின் பழைய டீசல் ஜீப். திருச்சியில் ஒரு பட்டறையில் அதன் என்ஜினை எடுத்துவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்துக் கொண்டுவந்தான் தம்பி. வெளியிலிருந்து பார்த்தால் அதே வண்டிதான்.

வந்த அன்று அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார். "ஸ்டார்ட் ஆவலடா" என்று இறங்கிவிட்டார். ஸ்டார்ட் ஆகித்தான் இருந்தது.

எந்த வண்டி நல்ல வண்டி என்று நானும் தம்பியும் சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம். அம்மாவுக்கு அலுத்துப்போய், "ரெண்டையும் காட்டுக்கு ஓட்டிக்கிட்டு வாங்க, பாத்துடுவோம்" என்றாள். எங்கள் மக்காச்சோளக் காடு குன்னத்துக்குப் பக்கத்தில். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மண் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போகும்போது அப்பாவும் அம்மாவும் என் வண்டியில் வந்தார்கள். ஏ.சி.யில் அம்மாவுக்குக் குமட்டியது. கண்ணாடியை இறக்கினேன். மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை அம்மா பக்கத்து சீட்டில் வைத்ததும் மணியடித்தது. வண்டி அதையும் ஓர் ஆளாக எடுத்துக்கொண்டது. அப்பா பைக்குப் பெல்ட் போட்டுவிட்டார்.

சேற்றில் என் வண்டி நன்றாகப் போனது. தம்பியுடையதும் மெதுவாக வந்தது. காட்டுக்கு முன்னால் ஓர் ஓடை உண்டு. நான் வண்டியோடு இறங்கி அக்கரை ஏறிவிட்டேன். தம்பி அந்தக் கரையிலேயே நின்றான்.

"என்னடா?" என்று கத்தினேன்.

"பேட்டரியில தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

நான் ஜெயித்ததாக நினைத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொண்டோம். என்னுடையதைத் தம்பி எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். பழைய ஜீப்பை நான் ஓட்டினேன். அப்பா என் பக்கத்தில், அம்மா பின்னால். தார் ரோட்டுக்கு வந்ததும் டயர் உருளும் சத்தம் மட்டும்தான். கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு ரோடு பிரியும். உள்ளே போனால் அம்மாவின் அக்கா ஊர்.

"இந்தப் பிரிவுல கொஞ்சம் திருப்புங்க, அக்காவப் பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள் அம்மா. உரக்கச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்ன திடீர்னு?"

"திடீர்னு என்ன. காட்டுக்கு வந்துட்டுப் போறப்பல்லாம் இந்த எடத்துல சொல்லிக்கிட்டுதான் வரேன்."

"எப்ப சொன்ன?"

"ஒவ்வொரு தடவையும்."

அப்பா ரோட்டைப் பார்த்தார். "அப்ப டீசல் வண்டி. சத்தத்துல எங்க கேக்குது."

"வூட்டுலயும் சொன்னேன். வூட்டுல என்ன வண்டியா ஓடுது?"

நான் வண்டியைத் திருப்பினேன். அப்பா திருப்பச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பெரியம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வண்டி பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. அம்மா இறங்கிப் போய் இன்னொரு சேலையின் முனையைப் பிடித்து உதறினாள். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "வாடி" என்று மட்டும் சொன்னார். சேலையைக் கொடியில் போட்ட பிறகுதான் இருவரும் அழுதார்கள். நான் வண்டியைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தேன். டயரில் ஒன்றுமில்லை.

தம்பி போன் செய்தான். "எங்க இருக்கீங்க? வண்டி நின்னுடுச்சா?"

"நிக்கல. நிறுத்தியிருக்கோம்."

"சார்ஜ் எவ்வளவு காட்டுது?"

பார்த்தேன். சேற்றில் நிறையத் தின்றிருந்தது. பெரம்பலூரில் எங்கள் வீடு வரை போய்ச் சேருமா என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. வண்டியின் சார்ஜர் வயரைக் கிரைண்டர் போடும் பிளக்கில் செருகினோம். செருகியதும் பெரியம்மா வீட்டில் கரண்ட் போனது. பியூஸைப் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜையும் ஃபேனையும் நிறுத்திய பிறகு சார்ஜ் ஏறத் தொடங்கியது.

"எந்நேரம் ஆகும்?" என்று கேட்டார் அப்பா.

"சாயங்காலம் ஆயிடும்."

உள்ளேயிருந்து பெரியம்மா, "அப்ப சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அவர் குரல் எங்களை உபசரிப்பதுபோல இல்லை, பேட்டரிக்கு நன்றி சொல்வதுபோல இருந்தது.

அம்மாவும் பெரியம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அப்பா நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் ஜீப்புக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் போட்டு உட்கார்ந்தார். பேச்சு முழுவதும் அங்கே நன்றாகக் கேட்டது.