ஆரணியில் நிறம் போன கால்வாய்

அக்காள் மகளின் கல்யாணப் புடவையை ஆரணியில் நெய்யக் கொடுத்திருந்தோம். நெசவாளர் போன் செய்து, "அரக்குச் செவப்ப நீங்களே சாயப்பட்டறைல பாத்து ஓகே சொல்லிடுங்க. அப்புறம் என்னைக் கொற சொல்லக் கூடாது" என்றார். எங்கள் வீட்டுப் பெண்களைச் சரியாக எடைபோட்டு வைத்திருக்கிறார். அதனால் போன தை மாதம் ஒரு சனிக்கிழமை நான் கிளம்பினேன்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். காலை ஏழரைக்கு பஸ் ஏறி ஒன்பதுக்குள் இறங்கினேன். பொங்கல், வடையை முடித்துக்கொண்டு நெசவாளர் சொன்ன சாயப்பட்டறைக்கு அறுபது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன்.

"வசந்தாம்மா பட்டறைங்களா? கால்வாய்ல கலர் ஓடும். அதப் பாத்துகினே போனா வந்துடும்" என்றார் ஓட்டுநர். தெருவுக்குள் நுழைந்ததும் வண்டி தயங்கியது. கால்வாயில் தண்ணீர் ஓடியது, நிறம்தான் இல்லை. "மூடிட்டாங்க போல சார். முகூர்த்த சீசன்ல இங்க செவப்பால்ல ஓடும்!"

புடவை என்ன ஆகுமோ என்று இறங்கித் தெருவை எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, ஒரு ஓட்டுக்கூரை மேல் ஆவி கிளம்பியது. உள்ளே போனால் கொப்பரையில் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. முழங்கை வரை சிவந்த கையோடு வசந்தா என் நூலைத் தூக்கிக் காட்டினார். நிறம் அருமை. ஓட்டுநர் சொன்னதை வேடிக்கையாகச் சொன்னேன். வசந்தா சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

சிறு பட்டறைகள் கூட்டாகக் கழிவுநீரைச் சுத்திகரித்தால் தொட்டிச் செலவில் ஒரு பங்கை அரசு தருகிறது. அதை நம்பி இந்தத் தெருவில் மூன்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து தொட்டி கட்டினார்கள். மோட்டாருக்கான கரண்ட் பில் அவர்கள் பாடு. தண்ணீர் தெளிந்தது. ஆனால் வெளியூர் நெசவாளர்கள் கால்வாயை எட்டிப் பார்த்துவிட்டு, பட்டறை மூடிவிட்டது என்று திரும்பிப் போகிறார்கள். வேலை குறைந்து இரண்டு பேரை நிறுத்தியாகிவிட்டது.

"ஒரு வாரம் சாயத் தண்ணிய அப்டியே தொறந்து வுடலாம்க்கா" என்றார் கூட்டாளி முருகேசன். "செவப்பு ஓடுறதப் பாத்தா ஜல்தியா வந்துடுவாங்க."

"அப்ப எதுக்குடா இத்தினி பாடு பட்டோம்?" என்றார் வசந்தா. குரலில் வலுவில்லை.

சமூகப் பொறுப்பு என்று அரசு பலகை வைத்தால் அதற்குக் கரியால் மீசை வரைகிற கட்சி நான். அன்று மட்டும் இந்தத் தொட்டி நின்றுபோகக் கூடாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போது வாசலில் ஒரு பெண் குரல். "மூடலைங்க! தண்ணிய சுத்தம் பண்ணி வுடுறாங்க, அதான் கலர் தெரியல. உள்ள வாங்க." நூல் மூட்டையோடு ஒருவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே வந்தார் எதிர்வீட்டுக் கற்பகம். போளூர் பக்கத்து நெசவாளராம், வண்டியைத் திருப்பிவிட்டாராம்.

"எங்க மேல நகராட்சில புகார் குடுத்ததே இவங்கதான் சார்" என்று வசந்தா என் காதில் சொன்னார். "இந்த வாரத்துல இவங்க கூட்டிகினு வர்ற மூணாவது ஆளு."

முருகேசன் மூட்டையை வாங்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் தொட்டி மோட்டாரைப் போட்டார்.

போகிறவர்களுக்கு: நூலை மதியத்துக்குள் வெயிலில் பாருங்கள், டியூப்லைட்டில் அரக்கு வேறாகத் தெரியும். வேலூருக்கு பஸ் கிடைப்பது கஷ்டமில்லை. நேரமிருந்தால் படவேடு கோயிலுக்கும் போகலாம், பஸ் குறைவு. அரசுக்கு ஒன்று: தொட்டிக்குப் பணம் தந்ததோடு தெருமுனையில் ஒரு பலகையும் வையுங்கள். மீசை வரைய மாட்டேன்.

கிளம்பும்போது கற்பகத்திடம் கேட்டேன், புகார் கொடுத்தவரே ஆள் பிடித்துத் தருவானேன் என்று.

"நாத்தம் தாங்காம சாத்துன ஜன்னல இப்பதான் சார் தொறந்திருக்கேன்" என்றார். "நல்லது பண்ணவங்க நஷ்டப்பட்டா, அடுத்தாப்புல எவன் சார் பண்ணுவான்?"