தறியை நிறுத்திய ‘அகோ’

நிற்கச் சொன்னாலும் நிற்காது, கூப்பிட்டாலும் திரும்பாது. காகிதத்தில் தப்பாக எழுதினால் ஒரு தறியையே நிறுத்திவிடும். அது என்ன?

காலம்தான். இங்கிலீஷ் மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுத்துப்பிழையால் வரும் வம்பு கொஞ்சம். காலத்தைக் காட்டும் சின்னச் சொற்களால் வருவதே அதிகம். அவற்றை நெட்டுருப் போட்டு, அப்படியும் அடி வாங்கிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரெண்டு மாசம்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்தும் நூல் கட்டுப்பாடு முடியாத நாட்கள். அருப்புக்கோட்டை தபாலாபீசுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் என் மேஜை. நெசவாளி சவுடப்பன் வந்தார். அவருக்கு வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், இங்கிலீஷுக்கு நான். சர்க்கார் கொடுத்த நூல் கார்டு இருந்தால்தான் நூல் கிடைக்கும். கார்டு போனால் தறியைப் பிரித்துவிட்டு, பரளச்சிப் பக்கம் பருத்தி எடுக்கக் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

“நூலு வரலை. தறி நின்னு ரெண்டு மாசமாச்சுன்னு எழுதுங்க” என்றார். ‘டூ மன்த்ஸ் அகோ’ தறி நின்றதாக எழுதினேன். ‘அகோ’ போட்டால் காரியம் அன்றோடு முடிந்தது என்று பொருள். ‘ஃபார்’ போட்டு, வினைச்சொல்லையும் அதற்கேற்ப மாற்றியிருந்தால், இன்றுவரை நூலுக்காகக் காத்துக் கிடக்கிறது என்று ஆகியிருக்கும். ‘நின்றுபோன தறிக்கு நூல் கிடையாது’ என்று நூல் ஆபீசிலிருந்து பதில் வந்தது.

சவுடப்பன் கோபப்படவில்லை. “நூலு இல்லாம நின்னதை, நானே வேணாம்னு நிறுத்துன மாதிரி எழுதிப்புட்டீகளே ரைட்டரய்யா!”

ஏற்கெனவே

இரண்டாம் மனுவைக் கூலி வாங்காமல் எழுதினேன். இந்த முறை அவர் மனைவி ரங்கம்மாவும் கூட வந்து, நான் எழுதி முடிக்கும்வரை பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ஏற்கெனவே எங்களுக்கு மாசாமாசம் நூலு வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு? அதைப் போடுங்க” என்றாள். ‘ஏற்கெனவே’ என்றதும் கை தானாக ‘ஆல்ரெடி’ என்று எழுதிவிட்டது. முன்பெல்லாம் என்பதற்கு அங்கே ‘ஃபார்மர்லி’ வேண்டும். நான் எழுதியதற்கு, நூல் கைக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள்.

‘நூல் பெற்றுக்கொண்டதாக நீங்களே தெரிவித்திருப்பதால் மேல் நடவடிக்கை இல்லை’ என்றது பதில். ரங்கம்மா அதை என் மேஜைமேல் விரித்தாள். “நூலு வந்துருச்சாம்ல! எந்தப் பெட்டியில வச்சிருக்கீகன்னு சொல்லுங்க, பாவு ஓட்டி நெய்யணும்.”

பொருந்தாததை அடிக்கவும்

மூன்றாவதாக ஆபீசிலிருந்தே ஓர் அச்சடித்த காகிதம் வந்தது. அன்று மாலைக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் கார்டு ரத்து. அதில் ஒரே கேள்வி: ‘ஸ்டில் வீவிங்’, ‘நோ லாங்கர் வீவிங்’; பொருந்தாததை அடிக்கவும். முன்னது, விடாமல் இன்னும் நெய்கிறேன் என்பது. பின்னது, இனி நெசவே இல்லை என்பது.

நான் படித்துச் சொன்னதும் சவுடப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். “மொதல்ல உள்ளதை வச்சா, நூலு ஏது, கள்ள நூலாம்பாக. ரெண்டாவதை வச்சாக் கார்டு போச்சு. இதுல எது ரைட்டரய்யா நம்மளக் கொல்லாதது?”

இரண்டு முறை கவிழ்த்தவனுக்குப் பேனாவைத் தொடவே பயமாக இருந்தது.

“தபால் கட்டற நேரமாச்சு, எதையாச்சும் அடிச்சுத் தொலைங்க” என்றாள் ரங்கம்மா.

பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த அவர்கள் மகள் சரசு, பதினோரு வயது, காகிதத்தை எட்டிப் பார்த்தாள். “நூலு வந்தா நெய்வோம்லப்பா?”

“பின்னே? வந்த அன்னைக்கே.”

“கணக்கு முடிஞ்சுச்சான்னு வாத்தியார் இங்கிலீஷ்ல கேட்டா நாங்க ஒண்ணு சொல்லுவோம்” என்று என்னிடம் பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன்.

அவள் இரண்டையும் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘நாட் யெட்’ என்று எழுதினாள்: இன்னும் இல்லை, இனிமேல்தான்.