சித்ராதேவி வேக்குவம் வாங்கிய கதை

எங்கள் திருப்பூரில் ஒரு காரின் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பஞ்சுதான். பனியன் கம்பெனிக்காரன் கார் என்றால் கேட்கவே வேண்டாம். பின்சீட்டில் சாம்பிள் மூட்டை, டிக்கியில் துணி ரோல், கீழே நூல் துணுக்கு, எல்லாவற்றின் மேலும் பஞ்சுத் தூசி. கறுப்புப் பேண்ட்டோடு உட்கார்ந்தவன் வெள்ளைப் பேண்ட்டோடு எழுந்திருப்பான். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்ட சட்டையைக் கேட்ட கலரில் கேட்ட தேதிக்கு அனுப்புகிறவரை இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் தொழில். காரைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் ஏது?

சித்ராதேவி எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் ஒன்பது வருஷம் நின்றவர். விளாத்திகுளம் பக்கத்து ஊர். கல்யாணமான கையோடு புருஷனுடன் பஸ் ஏறி வந்தவர். தைத்து வரும் பனியனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையலை விரலால் ஒரு தடவு தடவி, நாலு விநாடியில் நல்லது கெட்டது சொல்லிவிடுவார். அவர் கை பட்டுப் போன பெட்டி எதுவும் திரும்பி வந்ததில்லை. பேச்சு குறைவு. தப்பான பீஸ் வந்தால் மட்டும் தைத்தவர் பெயரைச் சொல்லி ஓர் இழுப்பு இழுப்பார், அந்த வரிசையே கப்சிப் ஆகிவிடும்.

நின்று நின்று கால் நரம்பு சுருண்டுவிட்டது. இனி நிற்கிற வேலை ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதும் வேலையை விட்டார். மறுநாளிலிருந்து அவருக்கு நான் ‘சார்’ போய் ‘அண்ணே’ ஆனேன். ஒரே வாரத்தில் ஸ்கூட்டியில் பிரஷ்ஷும் துணியும் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் காரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்துகொடுக்க ஆரம்பித்துவிட்டார். சீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம், காலுக்கு நல்லது என்பது அவர் கணக்கு.

கணக்கில் உதைத்தது வேக்குவம், அதாவது தூசி உறிஞ்சும் மிஷின். போனில் விளம்பரம் பார்த்து வாங்கிய முதல் மிஷின் மண்ணை இழுத்தது, பஞ்சைக் கண்டதும் மூச்சை நிறுத்திக்கொண்டது. ஃபில்டரைச் சுற்றிப் பஞ்சு கம்பளி போர்த்திவிடும். எட்டாவது நிமிஷம் பேட்டரியும் படுத்துவிடும். சுத்தம் செய்த காரிலேயே ஒருவர் பேண்ட்டில் பஞ்சோடு இறங்கியிருக்கிறார். இரண்டு பேர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கையில் இருந்தது இன்னும் ஒரு மிஷினுக்குத்தான். அதுவும் சொதப்பினால் திரும்பச் செக்கிங் டேபிள்தான், கால் என்ன ஆனாலும் சரி என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மேனேஜர் சுரேந்தர் என்னைக் கூப்பிட்டார். செக்கிங்கில் ஆள் இல்லை, பெட்டிகள் தேங்குகின்றன, எப்படியாவது பேசித் திங்கட்கிழமை சித்ராதேவியைக் கூட்டி வந்துவிடு என்றார். அன்று சாயங்காலமே சித்ராதேவியும் போன் செய்தார். சனிக்கிழமை வேக்குவம் பார்க்கக் கடைக்குப் போகிறேன், காரோடு வந்தால் உதவியாக இருக்கும் என்றார். இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் தேவை, என் அறிவை நம்பிக் கூப்பிடுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. எந்த மிஷினைக் காட்டினாலும் நொட்டை சொல்வது, கடைசியில் திங்கட்கிழமைப் பேச்சை எடுப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டு போனேன். இதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் கொஞ்சம் மாவைத் தூவி உறிஞ்சிக் காட்டினார். சித்ராதேவி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் இந்த அண்ணன் காரில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். கடைக்காரர் முகம் சுளித்தார், என் விசிட்டிங் கார்டைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

முதல் மிஷின் காரின் சார்ஜர் துளையில் செருகுவது. வயர் டிக்கி வரை எட்டவில்லை, இழுப்பும் போதவில்லை. சரிவராது என்றேன். உண்மையிலேயே சரிவராது. இரண்டாவது கைக்கு அடக்கமான பேட்டரி மிஷின். குப்பை விழும் கிண்ணம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஒரே இடத்தில் இரண்டு தடவை ஓட்டினால்தான் பஞ்சு முழுக்க வந்தது. இதுவும் சரிவராது என்றேன். அவர் ஃபில்டரைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார். மூன்றாவதும் பேட்டரிதான், ஆனால் உள்ளே காகிதப் பை வைத்தது. ஒரே இழுப்பு. சீட்டு இடுக்கில் நான் கார் வாங்கிய நாளிலிருந்து குடியிருந்த பஞ்செல்லாம் போய்விட்டது. நொட்டை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு மனசு இறங்கிப்போனது. அவர் முகம் மலர்ந்து, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று பர்ஸைத் திறந்தார்.

அப்போது சாயப்பட்டறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. மெரூன் கலர் பிட்டை உடனே கொண்டு வரச் சொன்னார்கள். பிட் என்பது வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்ட இரண்டு விரல் அகலத் துணி. அதைக் கண்ணால் பார்த்துத்தான் சாயம் கலப்பார்கள்; தொலைந்தால் அடுத்தது வர வாரக்கணக்காகும், ஷிப்மெண்ட் அவ்வளவுதான். அதைக் குண்டூசியால் குத்திச் சீட்டில் வைத்திருந்த அட்டையை எடுத்தேன். அட்டையில் வெளிநாட்டுக்காரர் கையெழுத்து இருந்தது. குண்டூசி கழன்று துணியைக் காணோம்.

சித்ராதேவி அட்டையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பையைக் கழற்றினார். கடைக்காரர் கத்தக் கத்த, ஹேண்ட்பேக்கில் இன்னும் வைத்திருந்த நூல் வெட்டும் டிரிம்மரால் பையைக் கிழித்தார். உள்ளே எல்லாம் ஒரே சாம்பல் உருண்டை. அதை விரலால் பிரித்துப் பிரித்து, பஞ்சு அப்பிய ஒரு துணுக்கை உருவினார். கடையில் செல்லோ டேப் கேட்டு வாங்கி ஒற்றி ஒற்றி எடுத்தார். பழைய மெரூன் திரும்பி வந்தது. அரை மணியில் பிட்டோடு வருகிறேன் என்று சாயப்பட்டறைக்குப் போன் போட்டேன்.

கிழித்த பைக்குப் பதில் பை வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது மிஷினைப் பேக் செய்யச் சொன்னார் அவர். அதில் இழுப்பு குறைவாச்சே என்றேன், இந்தத் தடவை உண்மையான அக்கறையோடு.

“ரெண்டு தடவ ஓட்டிக்கிடுதேன்ணே. நம்ம ஊர்க் கார்ல எது குப்பை, எது ஒருத்தரு பொழைப்புன்னு யாருக்குத் தெரியும்? என்னத்த இழுத்தேன்னு என் கண்ணுக்குத் தெரியணும்ல.”

அதற்குமேல் என்னால் மூடி வைக்க முடியவில்லை. “ஏனுங்க சித்ராதேவி, திங்கக்கெழமை உங்களைச் செக்கிங்குக்குக் கூட்டியாரச் சொல்லிச் சுரேந்தர் சொல்லியிருந்தாருங்க. அதுக்குத்தான் இத்தனை நேரமும் சரிவராது சரிவராதுன்னு சொல்லிட்டிருந்தேன். மன்னிச்சுக்கங்க.”

“தெரியும்ணே. எனக்கும்தான் போன் போட்டாரு.”

“தெரிஞ்சுமா என்னையக் கூப்புட்டீங்க?”

அவர் கொஞ்சம் தயங்கினார். எனக்கு வலிக்காமல் எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்க வேண்டும். “நான் பாத்ததுல உங்க கார்தாண்ணே ரொம்ப மோசம். இதுல தேறுன மிஷின் எதுலயும் தேறிரும்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அங்கேயே சுரேந்தருக்குப் போன் போட்டு, சித்ராதேவி வரமாட்டார், டேபிளுக்கு வேறு ஆள் பாருங்கள் என்றேன். அவர், தன் காரும் ஒரு வருஷமாக அப்படியே கிடக்கிறது, திங்கட்கிழமை அதற்காவது வருவாரா என்று கேட்டார். நான் போனைச் சித்ராதேவியிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை வேறு இரண்டு கார் இருக்கிறது, புதன்கிழமை வருகிறேன் என்றார் அவர்.